தலைக்கு மேல ஒரு பைப்: கோவை கரிவரதனின் கதை

மக்கா, எனக்கு ஊர் தக்கலை. எங்க ஊர்ல இருந்து குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் போனா, ரப்பர் தோட்டத்துக்குள்ள பழைய ஜீப் ஓடுறதைப் பார்க்கலாம். மேல தகரம் கிடையாது, படுதாதான். படுதாவைத் தாங்க வளைச்ச பைப் ரெண்டு மூணு நிக்கும். ஜீப் உருண்டா அந்தப் பைப் நம்ம தலையைக் காப்பாத்துமா?

காப்பாத்தாது. அது மழைக்கு வச்ச பைப். கவிழ்ந்த வண்டியோட எடையைத் தாங்குற பைப் வேற. இந்த வித்தியாசம் எனக்குப் புரிஞ்சது போன வருஷ லீவுலதான்.

எங்க டீம் ஃபார்முலா பாரத் போட்டிக்கு ஒரு கார் கட்டிட்டு இருந்தோம். டிரைவர் தலைக்குப் பின்னாடி நிக்கிற மெயின் ஹூப்புக்கு 25 மில்லிமீட்டர் பைப் வாங்கி, தக்கலையில தெரிஞ்ச ஒரு வெல்டிங் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்கார அண்ணன் பைப்பைக் கையில தூக்கிப் பார்த்துட்டு, இது கட்டில் செய்யவான்னு கேட்டார். அளந்தோம். சுவர் கனம் 1.6 மில்லிமீட்டர்தான். விதிப்படி 2.5 வேணும். வெளியே பார்த்தா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். கணக்குப் போட்டா, வளையாம நிக்கிற திறன் கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைவு. காசு மிச்சம் பண்ணப் போய் தப்பான இடத்துல கை வச்சிருந்தோம்.

போட்டி நடக்கிற இடம் கோவை செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே. கரின்னா யாருன்னு டீம்ல ஒருத்தனுக்கும் தெரியல. ஒருத்தன் யானைன்னான், ஒருத்தன் அடுப்புக்கரின்னான். அன்னைக்கு ராத்திரி தேடிப் பார்த்தேன். உங்களுக்கும் தெரியலன்னா, இனி சொல்லப்போறது உங்களுக்குத்தான்.

சுந்தரம் கரிவரதன் 1954ல பிறந்தவர். கோவையில நூற்பாலைத் தொழில் செஞ்ச வசதியான குடும்பம். ஆலையைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். ஆனா அவருக்குப் பிடிச்சது ரேஸ். அப்போ தென்னிந்தியாவுல ரேஸ்னா சென்னைக்கு வடக்கே இருக்கிற சோழவரம்தான். ரெண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் பந்தயம் நடத்துச்சு. கரி அங்கே ஓட்டினார், பேரும் வாங்கினார்.

அந்தக் காலத்தை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. ரோட்டுல அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. அதையே பிரிச்சு மேஞ்சு ரேஸ் காரா மாத்துவாங்க. உண்மையான ஃபார்முலா கார் வேணும்னா வெளிநாட்டுல இருந்து இறக்கணும். அது பெரிய பணக்காரங்களால மட்டும்தான் முடியும். கரியாலயும் முடியும். பெரும்பாலானவங்க அதோட நின்னுருப்பாங்க. இவர் காரைக் கட்டவும் இறங்கினார்.

1988ல வந்தது ஃபார்முலா மாருதி. ஒத்தை சீட், திறந்த சக்கரம், பைப்பால கட்டின சட்டம். எஞ்சின் மட்டும் நம்ம வீட்டு மாருதி 800ல இருக்கிற அதே 796 சிசி, மூணு சிலிண்டர். பழுதானா உதிரிபாகம் எந்த ஊர்லயும் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கார்னா, ஜெயிக்கிறது அப்பாவோட பர்ஸ் இல்ல, ஓட்டுறவன் கை. 1990ல இருங்காட்டுக்கோட்டையில முறையான பந்தயத் தடமும் வந்துச்சு. ஃபார்முலா மாருதியில ஓட்டிப் பழகின பையன்கள்ல ஒருத்தர் நரேன் கார்த்திகேயன். 2005ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் அவர்தான்.

அதைப் பார்க்க கரி இல்ல. 1995ல ஒரு விமான விபத்துல போயிட்டார். நாற்பதை ஒட்டின வயசு.

இப்போ அந்தப் பைப்புக்குத் திரும்ப வருவோம். ஃபார்முலா காருக்குக் கூரையே கிடையாது. தலைக்குப் பின்னாடி நிக்கிற வளையம்தான் கூரை. ஃபார்முலா ஒன்ல 1961ல தான் அதைக் கட்டாயமாக்கினாங்க. அதுக்கு முன்னாடி கவிழ்ந்தா டிரைவரோட தலைதான் தரையைத் தொடும். 2022ல சில்வர்ஸ்டோன்ல ஜோ குவான்யூவோட கார் தலைகீழா சறுக்கிப் போச்சு. வளையம் உடைஞ்சும் அவரைக் காப்பாத்தினது முன்னாடி இருந்த ஹாலோ. அதுக்கப்புறம் வளைய விதியை இன்னும் இறுக்கினாங்க.

படுதா போட்ட ஜிப்சியை ரேலிக்கு எடுத்துட்டுப் போறவங்களுக்கும் இதே கதைதான். கூரை இல்லாத வண்டியில கூண்டுதான் எல்லாம். சீட்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய வளையம், அதுல குறுக்கே ஒரு சாய்வுப் பைப், பின்னாடி தாங்க ரெண்டு கால், முன்கண்ணாடி ஓரமா இறங்குற கால்கள், கதவுப் பக்கம் பைப். சர்வதேச விதிப்படி பெரிய வளையத்துக்குத் தையல் இல்லாத எஃகுப் பைப், 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 கனம். சூடு பண்ணாம வளைக்கணும். கால் ஊன்றுற இடத்துல குறைஞ்சது 3 மில்லிமீட்டர் கனத்துல, 120 சதுர சென்டிமீட்டர் தகடு வைக்கணும். இல்லன்னா வண்டி கவிழும்போது கால் தரைத் தகரத்தைக் குத்திக்கிட்டு இறங்கிரும். பைப் உடையாமலே டிரைவர் நசுங்கிருவார்.

கரியோட காரைப் பார்த்து நான் எடுத்துக்கிட்டது இதுதான். எஞ்சினைக் கடைக் கார்ல இருந்து எடுக்கலாம். மலிவா எடுக்கலாம்னா எடுக்கணும், அப்பதான் நம்மள மாதிரிப் பசங்க உள்ள வர முடியும். ஆனா ஆளைச் சுத்தி நிக்கிற பைப்புல மலிவு பார்க்கக் கூடாது.

நாங்க அந்தப் பைப்பைத் திருப்பிக் கொடுத்துட்டு 2.5 கனத்துல வாங்கினோம். மணல் நிரப்பி, சூடு காட்டி வளைச்சுத் தரேன்னு அண்ணன் சொன்னார். வேண்டாம்னு சொல்லி, சூடில்லாம வளைக்கிற மெஷின் இருக்கிற இடத்துக்குக் கொண்டு போனோம். பெயின்ட்டுக்கு வச்சிருந்த காசு அதுல போச்சு. பிறகு எங்க டீம்லயே உயரமானவனை உக்கார வச்சு, முன் வளையத்துக்கும் பின் வளையத்துக்கும் மேல ஒரு நேர்க் கம்பை வச்சுப் பார்த்தோம். ஹெல்மெட்டுக்கும் கம்புக்கும் நடுவுல 50 மில்லிமீட்டர் இருக்கணும். 58 இருந்துச்சு.

ஜூனியர்களே, அடுத்த வருஷம் செட்டிபாளையம் போவீங்க. வாசல்ல அந்தப் பேரைப் பார்த்ததும் யானையா, அடுப்பான்னு கேக்காதீங்க. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வேர்னியர் எடுத்து உங்க பைப்பை அளந்துருங்க. எங்க பழைய பைப்புல வெட்டின ஒரு துண்டு வொர்க்‌ஷாப் ரேக்குல கிடக்கு. கையில தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.