ஆசிரியர் கற்ற பாடம்

1880ஆம் ஆண்டின் தொடக்கம். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார் ஓய்வு பெறவிருந்தார். தம் இடத்திற்குத் தக்கவர் ஒருவரைத் தேடித் திருவாவடுதுறை மடத்திற்கு வந்தார். அவர் விரும்பியவர், இருபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த சாமிநாதையர்.

இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். இசைவாணராகிய தந்தை வேங்கடசுப்பையர், தம் மகனும் இசையில் தேர வேண்டும் என விரும்பினார். மகனின் உள்ளமோ தமிழில் தோய்ந்தது. 1871இல் பிள்ளையிடம் சேர்ந்து, 1876இல் அவர் மறையும் வரை உடனிருந்து பயின்றார். வேங்கடராமன் என்னும் பெயர் சாமிநாதன் ஆனதும் அவ்வாசிரியராலேயே. பின்னர் மடத்தில் தங்கி, அங்குள்ளோர்க்குத் தாமே பாடம் சொல்லிவந்தார்.

மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு அவரைப் பிரிய மனமில்லை. செட்டியார் விடாது வேண்டினார், தேசிகரும் இசைந்தார். கல்லூரி ஆசிரியர்கள் புலமையைச் சோதித்தறிந்த பின்னரே ஐயருக்குப் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய்.

மடத்தில் கற்போர் தமிழுக்கெனவே வந்தவர்கள். கல்லூரி மாணவர்களோ ஆங்கிலக் கல்வியில் ஊறியவர்கள். அவர்கள் தமிழ் வகுப்பை விரும்பிக் கேட்குமாறு செய்வது எளிதன்று. செய்யுளை இசையோடு படித்துக்காட்டிப் பொருள் கூறும் முறை ஐயருக்குத் துணையாயிற்று. மகன் கைவிட்டதாகத் தந்தை கருதிய இசை, வகுப்பறையில் இவ்வாறு பயன்பட்டது.

பணியும் புகழும் நிலைபெறத் தொடங்கிய அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர்கள் என முதலியார் வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா எனப் பட்டியல் நீண்டது. முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடை.

அவ்வினாவைக் குறையாகக் கருதி ஒதுக்கியிருந்தாலும் அவருடைய கல்லூரிப் பணிக்கு ஊறு நேர்ந்திராது. பலரும் அவ்வாறே இருந்துவிடுகிறோம். ஐயரோ முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துக்கொண்டு மீண்டும் மாணவரானார். நச்சினார்க்கினியர் உரையிற் பல மேற்கோள்கள், அவை எந்நூலைச் சார்ந்தவை என்ற குறிப்பின்றியே வந்தன. ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடவேண்டியிருந்தது. சமணக் கோட்பாடுகள் அவர் கற்ற சைவ நூல்களில் விளங்கக் கிடைக்கவில்லை. எனவே கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களை நாடிச் சென்று, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்தில் வளர்ந்த கல்லூரி ஆசிரியர் அவ்வாறு சென்று கேட்க எவ்வளவு பணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பகலில் கல்லூரிப் பாடம். எஞ்சிய பொழுதில் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடுதல். ஏழாண்டு உழைப்புக்குப் பின், 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. முதலியார் கேட்ட மூன்று நூல்களுக்கும் ஐயரிடம் இப்போது விடை இருந்தது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919இல் ஓய்வு பெற்றார். ஏடு தேடும் பணி ஓயவில்லை. குறுந்தொகையை அவர் உரையுடன் வெளியிட்டது 1937இல். அப்போது அவருக்கு அகவை எண்பத்திரண்டு.