பேர்ள் பக் அம்மையாரும் அவர் மகளும்

சீனத்து உழவனின் வாழ்வை உலகறியச் செய்த பேர்ள் பக் அம்மையாரை நம் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. நல்ல நிலம் என்று பொருள்படும் ‘த குட் ஏர்த்’ நாவலைப் படித்தவர்கள், அதில் வரும் வாங் லுங் என்னும் உழவனின் மூத்த மகளை மறந்திருக்கமாட்டார்கள். பேச்சு வராது, அறிவும் வளராது, வெயிலில் அமர்ந்து ஒரு துண்டுத் துணியை மடித்தும் முறுக்கியும் தனக்குள் சிரித்துக்கொள்ளும் பேதைப் பெண் அவள். கதையின் சோகத்தைக் கூட்டுவதற்காகவே ஆசிரியை அவளைப் படைத்தார் என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். அந்நாவல் வெளிவந்த 1931இல், அத்தகைய ஒரு பெண்குழந்தைக்கு ஆசிரியையே தாய் என்பதை அறிந்தோர் மிகச் சிலர்.

1892ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிற் பிறந்த அம்மையார், சில மாதக் குழந்தையாயிருக்கும்போதே மிஷனரிமாரான பெற்றோருடன் சீனா சென்றார். அங்கேயே வளர்ந்து, சீனமொழியையும் தாய்மொழி போலப் பேசினார். கல்லூரிப் படிப்பின் பொருட்டு அமெரிக்கா போய் மீண்ட அவர், 1917இல் விவசாயப் பொருளியல் அறிஞரான ஜோன் லொசிங் பக் என்பாரை மணந்தார். 1920 மார்ச் மாதத்தில் கரோல் பிறந்தாள். பிரசவத்தின் பின் தாயின் கருப்பையில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. சத்திரசிகிச்சை உயிரைக் காத்தது. ஆனால் மறுபடி தாயாகும் பேற்றைப் பறித்தது.

கரோல் அழகிய குழந்தை. ஆயினும் மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. சிறுவயதில் தோலிற் சிரங்கு கண்டு நெடுநாள் துன்புற்றாள். பொறுத்திருந்தால் சரியாகிவிடும் என்றனர் நண்பர்கள். அவர்களுடைய அன்பு மெய்யானதே. ஆனால் அந்த ஆறுதலினால் தாயின் கலக்கம் நீண்டதன்றிக் குறையவில்லை. வைத்தியர் பலரிடம் குழந்தையைக் காட்டிய பின், மினசோட்டா மாநிலத்திலுள்ள புகழ்பெற்ற மேயோ வைத்திய நிலையத்துக்கு அவளைக் கொண்டுசென்றார். அங்கே பெரிய வைத்தியர் நம்பிக்கையை முற்றாகக் கைவிட வேண்டாம் என்று இதமாகக் கூறி அனுப்பினார். வெளியே வந்த தாயை, ஜேர்மன் சாயல்பட ஆங்கிலம் பேசிய மற்றொரு வைத்தியர் தாழ்வாரத்தில் தனியே நிறுத்தினார். இக்குழந்தை ஒருபோதும் மற்றக் குழந்தைகளைப் போல ஆகாது என்பதையும், வீண் நம்பிக்கையில் வாழ்நாளையும் பொருளையும் செலவிடாது அவளுக்கு நல்லதோர் இடம் தேடவேண்டும் என்பதையும் ஒளிக்காமற் சொன்னார். அந்தச் சொல் நெஞ்சைப் பிளந்தது. எனினும் தமக்கு உண்மையில் உதவியவர் அவரே என அம்மையார் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

சீனாவிலே துணை வேறு வடிவில் வந்தது. அயலவரான சீனர் கரோலைக் கண்டு முகஞ் சுளிக்கவில்லை. அவளை உள்ளபடியே ஏற்றுக்கொண்டனர். குறையுள்ள பிள்ளையை வீட்டுக்குள் மறைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை என்பதை அம்மையார் கண்டார். ஷாங்காய் வீதியில் அக்குழந்தையை இகழ்ந்து பேசியவர்கள் அவருடைய சொந்த நாட்டுப் பெண்கள்! 1927இல் நான்கிங் நகரில் வெளிநாட்டவர்மீது படைவீரர் பாய்ந்தபோது, ஓர் ஏழைச் சீனப் பெண் தன் சிறு குடிசையில் இக்குடும்பத்தை ஒளித்து வைத்துக் காத்தாள். கரோலுக்கு அப்போது ஏழு வயது.

இதற்கிடையில் தாமே மகளுக்கு எழுத்தறிவிக்க அம்மையார் முயன்றார். பொறுமையாகவும் சிலவேளை கண்டிப்பாகவும் நாள்தோறும் பாடம் நடந்தது. ஒருநாள் எழுதப் பழக்குவதற்காக மகளின் கையைப் பற்றியபோது, அச்சிறு கை வியர்வையால் நனைந்திருப்பதை உணர்ந்தார். தான் செய்வது இன்னதென்று அறியாமலே, தாயை மகிழ்விப்பதற்காகக் குழந்தை தன் வலுவையெல்லாம் கூட்டி முயன்றுகொண்டிருந்தாள். அன்றே பாடநூல்கள் மூடப்பட்டன. ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மவர் இவ்விடத்திற் சற்றுத் தரித்துச் செல்லலாம்.

தமக்குப்பின் இவளை யார் பார்ப்பார் என்ற கேள்வியே இனித் தாயை வருத்தியது. அமெரிக்காவில் விடுதி விடுதியாகச் சென்று பார்த்தார். சிலவற்றிற் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதங் கண்டு நடுங்கினார். இறுதியில் நியூ ஜேர்சி மாநிலத்து வைன்லண்ட் பயிற்சிப் பாடசாலையைத் தேர்ந்தார். பிள்ளையின் மகிழ்ச்சியே முதலாவது, கல்வி அதன்பின் என்பது அதன் தலைவர் ஜோன்ஸ்டனின் கொள்கை. அதே பாடசாலையில் முன்னர் ஆராய்ச்சி நடத்திய கொடார்ட் என்பார், 1912இல் எழுதிய நூலொன்றில் இத்தகையோரைச் சமுதாயத்துக்குக் கேடு எனக் காட்டியதையும் மறைப்பதற்கில்லை. பிள்ளையை வீட்டைவிட்டு விலக்கியது சரியா என்று இன்று கேட்பவர் உண்டு. கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் 1929இல், ஒன்பது வயது மகளை அங்கு விட்டுத் திரும்பிய தாய்க்கு வேறு வழி எதுவும் திறந்திருக்கவில்லை.

விடுதிப் பணத்துக்குக் கடன்பட்டவர், அதைத் தீர்க்கவும் மேலும் ஈட்டவும் பேனாவையே நம்பினார். வெறுமை சூழ்ந்த நான்கிங் வீட்டில் மூன்றே மாதங்களில் உருவானது ‘த குட் ஏர்த்’. முதுமையில் வாங் லுங், தான் இறந்தபின் பேதை மகள் சீரழியாதிருக்க அவளுக்குக் கொடுக்குமாறு இளம் மனைவியிடம் நஞ்சை ஒப்படைக்கிறான். அவளோ நஞ்சுக்கு வேலையில்லை, நானே பார்ப்பேன் என்று பொறுப்பேற்கிறாள். இக்கட்டத்தை எழுதிய கை எத்தகையது என்பது இப்போது விளங்கும்.

1932இல் புலிற்சர் பரிசும், 1938இல் நோபல் பரிசும் கிடைத்தன. இலக்கியத்துக்காக நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. புகழ் பெருகப் பெருக, மகளைப் பற்றிய மௌனமும் இறுகிற்று. உழவரின் துயரையெல்லாம் உரைத்தவர் தம் வீட்டுத் துயரைக் கூறாதிருந்தது முரண்பாடாகத் தோன்றலாம். பத்திரிகைகளின் வேடிக்கைக்குக் குழந்தையைப் பலியிட அவர் விரும்பவில்லை. 1950இல்தான் அம்மௌனம் கலைந்தது. முதலில் ஒரு மாதர் சஞ்சிகையிலும் பின் தனி நூலாகவும் கரோலின் கதையை, வளராத குழந்தை என்னும் பொருள்பட்ட தலைப்பில் எழுதினார். நூலின் வருவாயை வைன்லண்ட் பாடசாலைக்கே அளித்தார். தம் பிள்ளைகளைப் பற்றிப் பிறரிடம் வாய்திறக்க அஞ்சிய பெற்றோர் அவருக்குக் கடிதம் எழுதலாயினர். அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பெற்றோரும் ஒன்றுகூடித் தேசிய சங்கம் ஒன்றை அமைத்தனர்.

கரோலின் நோய்க்குப் பெயர் ‘பீனைல்கீற்றோனூரியா’ என்பது நெடுங்காலங் கழித்தே தெரிந்தது. புரத உணவிலுள்ள ஒரு பொருளை உடல் மாற்றவியலாது தேங்கி மூளையைக் கெடுக்கும் பிறவிக் குறை அது. அதனைக் கண்டுபிடித்ததற்கும் ஒரு தாயே காரணம். நோர்வேயைச் சேர்ந்த போர்க்னி எகலாண்ட் என்னும் அம்மையார், தம் பிள்ளைகள் இருவரும் ஏன் இப்படியானார்கள் என்று வைத்தியர்களை ஓயாது கேட்டுவந்தார். அவர் தந்த சிறுநீரைச் சோதித்து 1934இல் விடை கண்டவர் டொக்டர் பொலிங். 1950களில் பர்மிங்ஹாமில் டொக்டர் பிக்கல் ஏற்ற உணவுமுறையை வகுத்தார். அங்கும் ஒரு தாய், தன் மகளுக்கு வழி சொல்லுமாறு விடாது அவரை வற்புறுத்தினாள். 1960களில் றொபேட் கத்ரி கண்ட சோதனையால், பிறந்த சில நாட்களிலேயே குதிக்காலிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தம் குறையைக் காட்டிவிடுகிறது. உரிய உணவை உடனே தொடங்கினால் அறிவு கெடுவதில்லை. கரோலுக்கு அது காலங் கடந்த செய்தி.

அம்மையார் 1973 மார்ச் மாதம் காலமானார். அவர் 1925இல் தத்தெடுத்து வளர்த்த ஜனிஸ், அதன்பின் தன் அக்காவுக்குப் பாதுகாவலரானார். இசையென்றால் கரோலுக்குப் பேரின்பம். தாய் அவளுக்கெனக் கட்டுவித்த இல்லம் வைன்லண்ட் வளவிலேயே இருந்தது. தாய் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1992இல், தன் எழுபத்திரண்டாம் வயதில் அவள் கண்மூடினாள்.