சகலாகம பண்டிதர் அருணந்தி சிவாசாரியரான வரலாறு

சைவ சித்தாந்தச் சந்தான குரவர் நால்வருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியரின் வரலாற்றை இவ்விதழில் எழுதப் புகுகின்றோம். உயிர் என்பது யாது, அறிவு எதற்குரியது, உயிர்க்கும் இறைக்கும் உள்ள இயைபு எத்தன்மைத்து என்னும் வினாக்களை உபநிடத காலந்தொட்டு நம் நாட்டுப் பெரியோர் ஆராய்ந்து வந்தனர். அவற்றிற்குத் தமிழில் முறையாகவும் விரிவாகவும் விடை பகர்ந்த பெருநூல் சிவஞான சித்தியார். அதனை இயற்றியவர் இவரே. ஆயினும் நூலின் பெருமையை மட்டும் எடுத்துரைப்பது எம் கருத்தன்று. அந்நூல் பிறத்தற்கு முன் அவர் எய்திய ஒரு பெரு நாணத்தையும், அந்நாணம் அவரை யாதாக்கியது என்பதையும் நம் அன்பர்கள் தம் இல்லத்தாரோடிருந்து படித்தல் வேண்டும் என்பதே எம் அவா.

பெண்ணையாற்றைச் சார்ந்த நடுநாட்டிலே திருத்துறையூர் என்னும் பாடல் பெற்ற தலம் ஒன்றுளது. திருவெண்ணெய்நல்லூரில் இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பட்ட சுந்தரமூர்த்தி நாயனார், அதன்பின் சென்று தவநெறி வேண்டிப் பாடிய தலம் அதுவே. வெண்ணெய்நல்லூரில் ஆட்பட்டு அவர் துறையூருக்கு வந்தார். நம் ஆசிரியரோ துறையூரிற் பிறந்து, ஆட்படுதற்கு வெண்ணெய்நல்லூருக்குச் செல்ல வேண்டியவரானார். பல நூற்றாண்டு இடையிட்டு நிகழ்ந்த இவ்விரண்டனையும் சேர்த்து எண்ணுந்தோறும் எமக்கு ஓர் இன்பம் உண்டாகின்றது.

ஆதிசைவ மரபிற் கி. பி. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், வடமொழியிலும் தென்மொழியிலும் வல்லவர். காமிகம் முதலிய சிவாகமங்கள் 28-ஐயும் ஐயந்திரிபற உணர்ந்தவராதலின் சகலாகம பண்டிதர் என்று நாட்டார் வழங்கினர். அப்பெயரே வழங்கி வழங்கி, பெற்றோர் இட்ட பெயர் மறைந்தொழிந்தது. மாணாக்கர் பலர் அவரைச் சூழ்ந்திருந்தனர். பல குடும்பங்களுக்கு அவர் குலகுருவாகவும் விளங்கினார்.

அங்ஙனம் அவரைக் குருவாகக் கொண்ட குடும்பங்களுள் ஒன்று, திருப்பெண்ணாகடத்து வேளாளர் அச்சுத களப்பாளர் குடும்பம். களப்பாளருக்கு நெடுங்காலம் மகப்பேறு இல்லை. அவர் தம் குருவை அடைந்து குறையிரந்தார். பண்டிதர் தேவாரத் திருமுறையை அருச்சித்து அதிற் கயிறு சாத்திப் பார்க்க, திருஞானசம்பந்தர் திருவெண்காட்டின்மேற் பாடிய பதிகத்தில், அத்தலத்து முக்குளத்தில் மூழ்குவார் மகப்பேறு முதலிய வரங்களைப் பெறுவர் எனக் கூறும் பாட்டுக் கிடைத்தது. களப்பாளரும் மனைவியாரும் திருவெண்காடு சென்று நாடோறும் முக்குளத்தில் நீராடி நோன்பிருந்தனர். இப்பிறவியில் மகப்பேறு இல்லை என்று கனவிலே இறைவன் உரைத்ததாகவும், சம்பந்தர் திருவாக்கில் தாம் வைத்த நம்பிக்கை பொய்க்குமோ என்று களப்பாளர் உருக, அந்நம்பிக்கைக்காகவே வரம் அருளப்பட்டதாகவும் புராண வரலாறு கூறும். பிறந்த மகவுக்கு அத்தலத்திறைவன் பெயரால் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டனர்.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றை நினைவிற் கொள்க. அக்குழந்தை பிறத்தற்கு வழி காட்டியவர் பண்டிதரே. திருமுறையிற் கயிறு சாத்திய கை அவருடையது.

குழந்தையைத் தாய்மாமன் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொண்டுபோய் வளர்த்தார். கயிலையினின்றும் பொதியிலை நோக்கிச் சென்ற பரஞ்சோதி முனிவர், வழியிலே அக்குழந்தையின் பக்குவங் கண்டு இறங்கி, மெய்ப்பொருளை உபதேசித்து, மெய்கண்டார் என்னும் பெயரும் சூட்டிப் போயினர். மெய்கண்டார் அவ்வூர்ப் பொல்லாப் பிள்ளையார் திருமுன்னர் அவ்வுபதேசத்தைச் சிந்தித்துத் தெளிந்து, சிவஞான போதம் என்னும் நூலாக அருளினார். 12 சூத்திரம், 40 வரி, அவ்வளவே. மலையை ஆடியில் அடக்கியதுபோல் சித்தாந்தம் முழுவதும் அதனுள் அடங்கிற்று. அப்போது அவர்க்கு வயது இத்தனை என்பதில் அதிசயம் காண்பாரும், அதனை மறுப்பாரும் இக்காலத்துளர். யாம் அவ்வழக்கிற் புகேம். இவ்வரலாற்றின் உயிர்நிலை பிள்ளையின் வயதில் இல்லை. கிழவரின் உள்ளத்திலே இருக்கின்றது.

வெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுவர் சித்தாந்தம் உரைக்கின்றார் என்னுஞ் செய்தி துறையூருக்கு எட்டிற்று. பண்டிதரிடம் பாடங்கேட்ட மாணாக்கர் சிலர் பார்த்து வரச் சென்றனர். சென்றவர் திரும்பிலர். அவரை அழைத்து வரச் சென்றாரும் அங்கேயே தங்கினர். திண்ணை நாடோறும் வெறுமையாயிற்று. பாடஞ்சொல்லும் தொழில் உடையார்க்கு இதனினும் கொடிய நோய் பிறிதில்லை. தாம் வழி காட்டப் பிறந்த பிள்ளை, தம் குலத்தாரிடம் தீக்கை பெறுதற்குரிய குடியிற் பிறந்த பிள்ளை, ஓர் ஆகமமேனும் ஓதியறியாத பிள்ளை தம் மாணாக்கரைக் கவர்வதா என்று அவர் மனம் புழுங்கினார். பிறப்பு, வயது, கல்வி என்னும் மூன்று படிகளின்மேல் நின்று அவர் கீழே நோக்கினார். அம்மூன்றும் உலகத்தார் ஒப்பிய படிகளே யாதலின், தாம் நிற்கும் நிலை பிழை என்று அவர்க்குத் தோன்றுதற்கு வழியே இல்லை.

ஈற்றில் தாமே புறப்பட்டார். அவர் சென்றபொழுது மெய்கண்டார் அடியார் குழாத்துக்கு ஆணவ மலத்தின் இயல்பை விரித்துக்கொண்டிருந்தனர். தம்மிடம் கற்றவர்களும் அக்குழாத்தில் அமர்ந்து செவி சாய்த்திருந்தனர். பண்டிதர் அமர்ந்திலர், வணங்கிலர். நின்றபடியே, இத்துணையும் விரித்துரைக்கப்படும் அவ்வாணவ மலத்தின் வடிவம் யாது என்று வினாவினார். ஆகமங்களில் அதற்குரிய விடை அவர்க்குத் தெரியாததன்று. பிள்ளை தடுமாறுதலைக் காணவே வினாவினார்.

மெய்கண்டார் வாய் திறந்திலர். நின்றவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினர். சுட்டுவிரலால் அவரையே காட்டினர் என்று கூறுவாரும் உளர். வினாவிற்கு விடை வினாவினார் வடிவமாகவே எதிரில் நின்றது. வணங்காத தலை, மடங்காத முழந்தாள், விடையை அறிந்துகொண்டே கேட்ட வாய் ஆகிய இவையே ஆணவத்தின் வடிவம். இதனினும் விளக்கமான உரை எந்த ஆகமத்தில் எழுதப்பட்டிருக்கின்றது?

சித்தாந்த நூல்களில் ஆணவம் என்பது செருக்கு என்னும் குணம் மாத்திரமன்று. நெல்லுக்கு உமிபோலவும் செம்புக்குக் களிம்புபோலவும் உயிரோடு தொன்றுதொட்டே உடனாய் நின்று, அதன் அறிவை மறைக்கும் மூலமலம் அது. பின்னர் வந்த உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இதனை நுட்பமாக விளக்கினர். புற இருள் ஏனைப் பொருள்களை மறைப்பினும் இருளாகிய தன்னை மறைப்பதில்லை. ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், அதனைப் பற்றிக் கற்பது ஒன்று, அதனைக் காண்பது மற்றொன்று என்பது பெறப்படும். பண்டிதர் அதுவரை கற்றிருந்தார், அன்று கண்டார். நம்மனோர் கூட்டங்களிலே முன்வரிசை நாற்காலி யாருக்கு, மாலை முதலில் யாருக்கு என்று வழக்கு எழும்போதெல்லாம் எமக்கு இப்பண்டிதர் நின்ற நிலை நினைவிற்கு வரும்.

கண்டவர் சினந்து திரும்பியிருக்கலாம். கற்றோர் பலர் அதுவே செய்வர். இவரோ வேரற்ற மரம்போல் அப்பிள்ளையின் திருவடியில் வீழ்ந்தார். தம் மாணாக்கரெல்லாம் பார்த்திருக்க வீழ்ந்தார். மெய்கண்டார் அவரை எடுத்தாண்டு, அருணந்தி என்னும் தீக்கைப் பெயர் தந்து, சிவஞான போதத்தையும் உபதேசித்தருளினார். அன்றுமுதல் பண்டிதர் என்ற பட்டம் பழங்கதையாயிற்று. குலகுரு, தம்மைக் குருவாகக் கொண்ட குடியிற் பிறந்தவர்க்கே மாணாக்கரானார். மெய்கண்டார்க்கு வாய்த்த மாணாக்கர் 49 பேர் என்பர். அவருள் தலைமை இவர்க்காயிற்று.

பணிந்தமையால் அவர் வினாவுதலை விட்டொழித்தார் என்று எவரும் கருதற்க. அவர் இயற்றிய இருபா இருபஃது என்னும் நூல் முழுவதும் வினாவே. வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறி மாறி வர 20 பாட்டாக அமைந்த அந்நூலில், தம் ஆசிரியரை விளித்து அவர் கேட்கும் கேள்விகள் கூரியன. இறைவன் என்னுள்ளே இருப்பின் மலம் எங்ஙனம் உடன் இருக்கும், அறிவிப்பவன் அவனாயின் அறியாமை யாருடையது என்றிவ்வாறு தடை நிகழ்த்திச் செல்வர். முன்னே நின்றுகொண்டு கேட்ட வாயே பின்னே வணங்கிக்கொண்டு கேட்டது. கேள்வியின் கூர்மை சிறிதும் மழுங்கவில்லை.

இனிச் சிவஞான சித்தியாரைப் பற்றிச் சிறிது கூறுவாம். அது பரபக்கம், சுபக்கம் என இருபகுதி உடையது. பரபக்கத்தில் உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரிகள் ஈறாக 14 மதங்களை எடுத்து, அவ்வம்மதத்தார் கூற்றை முதலில் அவரே சொல்வதுபோற் சொல்லி, அதன்பின் மறுக்கின்றார். உலகாயதன் வாயில் அவர் வைத்த வாதம் சில இடங்களில் மறுப்பினும் சுவையாக இருக்கின்றது என்று யாம் சொன்னால் அன்பர்கள் எம்மை முனியற்க. எதிரியின் வழக்கைக் குறைத்துச் சொல்லாத நடுவுநிலைமைக்கு அதுவே சான்று.

சுபக்கம் சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களையும் அடியொற்றி விரிவது. முதற்கண் அளவை இயலை வைத்து, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனை அளவைகளெல்லாம் அடங்கும் என நிறுவுகின்றார். உயிரைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்குமிடம் மிக அருமை வாய்ந்தது. உடம்பே உயிர் எனின், பிணமும் உடம்பாதலின் அது அறிதல் வேண்டும், அறிவதில்லை. பொறிகளே உயிர் எனின், கண் அறிந்ததனைச் செவி அறியாது. கண்டவனும் கேட்டவனும் நானே என்று ஐந்தனையும் ஒருங்கே அறிவது வேறொன்றாதல் வேண்டும். மூச்சே உயிர் எனின், உறங்குவானிடத்து மூச்சு ஓடுகின்றது, அறிவோ நிகழ்வதில்லை. மனம் முதலிய அந்தக்கரணங்களும் கருவிகளே யன்றிக் கருவியைக் கொள்பவன் அல்ல. நம் வீட்டுச் சிறுவரும் என் கை, என் கண், என் மனம் என்று பேசுகின்றனர். என் வீடு என்பவன் வீடாதல் இல்லையன்றோ? இவ்வாறு ஒவ்வொன்றாக நீக்கி நீக்கி, எஞ்சி நிற்கும் அறிவுடைப் பொருளே உயிர் என்று காட்டுவர்.

அவ்வுயிரே பிரமம் என்று மாயாவாதிகள் முடித்தனர். சித்தாந்தம் அதற்கு இசைவதில்லை. உயிர் அறிவுடையதே, ஆயினும் தானே அறிவதன்று, அறிவித்தால் அறிவது. பார்வையுடைய கண்ணுக்கும் கதிரவன் ஒளி வேண்டியிருத்தல் போல, உயிரறிவுக்கு இறையறிவு வேண்டும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு: மலத்தைச் சார்ந்து மலமேயாய் நின்றது, அருளைச் சார்ந்து அருள்மயமாய் நிற்கும். அத்துவிதம் என்னும் சொல்லுக்கு ஒன்றே பொருள் உளது என்று கொள்ளாது, இரண்டும் பிரிப்பின்றி நிற்கும் நிலை என்று மெய்கண்டார் பொருள் கொண்டனர். உயிர் அழிவதன்று, உயிர் இறைவனாவதுமன்று, தன்முனைப்பு நீங்கி அவனோடு ஒன்றாய் நிற்பது. இதனை அளவைகளால் நிறுவத் தலைப்பட்ட அருணந்தியார்க்கு, வெண்ணெய்நல்லூரில் ஒரு நோக்கினால் தன்முனைப்பு நீங்கிய நிகழ்ச்சி காட்சியளவையாகவே இருந்தது.

14 மதங்களை மறுத்த அப்பெரியாரே, எத்தெய்வத்தை எவர் வழிபடினும் அத்தெய்வமாக நின்று அருள் புரிபவன் மாதொரு பாகனே என்றும், ஒன்றோடொன்று மாறுபடும் சமயங்களையும் நூல்களையும் எல்லாம் தன்னுள் அடக்கி நிற்பதே உயர்ந்த சமயமென்றும் அந்நூலிலே கூறியிருக்கின்றார். வாதப்போரில் வல்லவரிடத்து இவ்விரிவு காண்டல் அரிது.

சுபக்கத்திற்கு உரை கண்டார் அறுவர். அவருள் 1785-இல் இறைவனடி சேர்ந்த மாதவச் சிவஞான முனிவரும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவரும் அடங்குவர். ஜே. எம். நல்லசாமி பிள்ளையவர்கள் 1913-இல் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டமையால் பிற நாட்டாரும் அதனை அறிந்தனர்.

அருணந்தியார்பால் உபதேசம் பெற்றவர் மறைஞான சம்பந்தர். அவர்பால் உபதேசம் பெற்றவர் தில்லைவாழந்தணர் மரபினராகிய உமாபதி சிவாசாரியர். பின்னவர் மூவரும் அந்தணர் குலத்தவர். அவர்கட்கெல்லாம் முதற்குரவர் வேளாண் பிள்ளை. உமாபதியார் தம் குருவின்பின் சென்றமைக்காகத் தம் இனத்தாரால் விலக்கப்பட்டார் என்பது வரலாறு. அதனைப் பிறிதோர் இதழில் எழுதுவாம். அருணந்தி சிவாசாரியரின் குருபூசை புரட்டாசித் திங்கள் பூர நாளிலும், அவர் ஆசிரியர் மெய்கண்ட தேவரின் குருபூசை அடுத்துவரும் ஐப்பசித் திங்கள் சோதி நாளிலும் கொண்டாடப்பெறுகின்றன.