ஜான் எஃப். கென்னடி: கேமராவுக்குத் தெரியாத முதுகுவலி

1961 மே மாதம். கனடாவின் ஒட்டாவா நகரில் மண்வெட்டி பிடித்து மரக்கன்று நட்டார் 43 வயது அமெரிக்க அதிபர். குனிந்து நிமிர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த சில வாரங்கள் ஊன்றுகோல்தான் துணை. கேமரா வந்தால் அதையும் ஓரமாக வைத்துவிடுவார்.

வலி அவருக்குப் புதுசு இல்லை. ஹார்வர்டில் கால்பந்து ஆடிய நாளிலிருந்தே முதுகு தொல்லை கொடுத்தது. ராணுவ மருத்துவப் பரிசோதனையில் நிராகரிக்கப்பட்டவர், அப்பாவின் செல்வாக்கால் கடற்படைக்குள் நுழைந்தார். 1943 ஆகஸ்டில் சாலமன் தீவுகள் அருகே அவருடைய சிறு போர்ப்படகை ஜப்பானியப் போர்க்கப்பல் இரண்டாகப் பிளந்தது. தீக்காயம்பட்ட மாலுமி ஒருவரின் லைஃப் ஜாக்கெட் பட்டையைப் பல்லில் கவ்வி, சுமார் நான்கு மணி நேரம் நீந்தி, அவரைக் கரை சேர்த்தார் கென்னடி. அன்று நாயகன் ஆனார். முதுகு இன்னும் மோசமானது.

1944-ல் முதல் ஆபரேஷன். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலில் சுரீர் என்று வலி இறங்கும் என்பதை பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல்தான் விளக்கியிருந்தார்கள். நரம்பின் மேலிருக்கும் அழுத்தத்தை எடுத்துவிட்டால் வலி போய்விடும், இதுதான் கணக்கு. கென்னடியைத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த மாதிரி பிதுங்கிய டிஸ்க் இல்லை. கொஞ்சம் நைந்த டிஸ்க் பகுதியை எடுத்தார்கள். வலி போகவில்லை.

1954-ல் செனட்டராக இருந்தபோது ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை. எலும்புகளை இணைத்து உலோகத் தகடு பொருத்த முடிவானது. அட்ரீனல் சுரப்பியைப் பாதிக்கும் அடிசன் நோயும் அவருக்கு இருந்ததால், ஆபரேஷன் உயிருக்கே ஆபத்து என்று பாஸ்டன் டாக்டர்கள் தயங்கினார்கள். நியூயார்க்கில் அது நடந்தது. தொற்று ஏறி கோமாவுக்குப் போனார். பாதிரியார் வந்து இறுதி ஜெபமும் செய்தார். எப்படியோ பிழைத்தார். நான்கே மாதத்தில் தகட்டைக் கழற்ற இன்னொரு ஆபரேஷன்.

அடுத்து வந்தவர் டாக்டர் ஜேனட் டிராவல். இறுகிய தசைகளில் மரத்துப்போகும் ஊசி போட்டார், இடது கால் சற்று குட்டை என்று கண்டுபிடித்து ஷூவின் குதிகாலை உயர்த்தினார், ஆடும் நாற்காலி சிபாரிசு செய்தார். வெள்ளை மாளிகைப் படங்களில் இன்றும் பார்க்கலாமே, அந்த நாற்காலிதான். ஊசி சுகம் கொடுத்தது, ஆனா கொஞ்ச நேரம்தான். போதாக்குறைக்கு, வேறொரு டாக்டர் ஆம்ஃபெட்டமின் கலந்த ஊசியும் போட்டுவந்தார்.

ஒட்டாவா சம்பவத்துக்குப் பிறகு கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பர்க்லி, 1961 அக்டோபரில் ஹான்ஸ் கிராஸை வரவழைத்தார். அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்த கிராஸ் மலையேறும் ஆள். அவர் பார்த்தது எலும்பை அல்ல, தசையை. உலகின் சக்தி வாய்ந்த மனிதரால் ஒரு சிட்-அப் கூட எடுக்க முடியவில்லை! வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் அவ்வளவு பலவீனம். ஊசியை நிறுத்தச் சொன்னார். வாரத்துக்கு மூன்று முறை, எளிமையான உடற்பயிற்சி. அதிபர் நோயாளி என்று வெளியே தெரியக்கூடாதே, அதனால் எல்லாம் ரகசியம். சில மாதங்களில் கென்னடிக்கு நன்றாகவே தேறியது; ஆபரேஷன் தராத நிம்மதி அது. இருபது வருஷம் அந்தத் தசைகளை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பதுதான் வேதனை.

1963 கோடையில் தசை மறுபடி பிசகியது. பழைய இடுப்பு பெல்ட்டை இறுக்கமாகக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். நவம்பர் 22 அன்று டல்லாஸில், பெல்ட்டுக்கு மேல் எலாஸ்டிக் பேண்டேஜையும் இறுகச் சுற்றிக்கொண்டு திறந்த காரில் ஏறினார். கழுத்தைத் துளைத்த குண்டுக்குப் பிறகும் அவர் சரியாமல் நிமிர்ந்தே இருந்ததற்கு அந்தக் கட்டு காரணமாக இருக்கலாம் என்று சில மருத்துவர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. அடுத்த குண்டு தலையில் பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 46.