லியோனிட் குலிக்: கிடைக்காத கல்லைத் தேடியவர்

விண்கல் ஆபத்து பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் துங்குஸ்காவுக்கு வந்துவிடும். துங்குஸ்கா என்றால் லியோனிட் குலிக். அவர்மேல் எனக்கு ஈர்ப்பு வரக் காரணம், அவர் ஆண்டுக்கணக்கில் தேடிய பொருள் அங்கே இல்லவே இல்லை என்பதுதான்.

குலிக் 1883-ல், இன்று எஸ்தோனியாவில் உள்ள தார்த்து நகரில் பிறந்தார். வனவியல் படித்து வன அதிகாரியாக இருந்தவர், பின்னர் கனிமவியல் அறிஞர் வெர்னாத்ஸ்கியிடம் வந்து சேர்ந்தார். 1921-ல் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் ஒரு செய்தியைப் படித்தார். 1908-ல் சைபீரியாவில் விழுந்த விண்கல்லை ரயில் பயணிகள் இறங்கிப்போய்ப் பார்த்தார்களாம். பெரும்பாலும் கற்பனை. ஆனால் அதுதான் அவரைக் கிளப்பியது. 1927-ல் எவெங்கி வழிகாட்டிகளோடு அந்த இடத்தை அடைந்த முதல் விஞ்ஞானி அவரே. வெடித்துப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கண்ணுக்கெட்டிய தூரம் காடு படுத்துக் கிடந்தது. மரங்களின் வேர்கள் மையத்தை நோக்கி, தலைகள் வெளிப்பக்கம். மையத்திலோ பள்ளம் இல்லை. கிளைகளை இழந்த மரங்கள் தந்திக் கம்பங்களைப்போல நின்றுகொண்டிருந்தன! குலிக் அசரவில்லை. சதுப்பிலிருந்த வட்டக் குழிகள்தான் கல் விழுந்த இடம் என்றார். 1929-ல் கால்வாய் வெட்டி ஒரு குழியின் நீரை வடித்தபோது, அடியில் வேரூன்றிய மர அடிக்கட்டை ஒன்று இருந்தது. கல் விழுந்திருந்தால் அது தப்பியிருக்குமா? அதன் பிறகும் இரும்பைத் தேடித் துளையிட்டார்.

மென்பொருள் எழுதுகிற எனக்கு இது பழகிய நிலைமை. கோளாறு செய்த நிரல் மறைந்துபோகும், பதிவுக்கோப்பு மட்டும் மிஞ்சும். இங்கே காடுதான் பதிவுக்கோப்பு. முன்னாள் வன அதிகாரி ஒருவர் அதை முழுதாகப் படிக்காமல் விட்டது விசித்திரம்தான். ஆனாலும் 1938-ல் விமானத்திலிருந்து அதைப் படமெடுக்க வைத்தாரே, அது பெரிய காரியம். 2,000 சதுர கி.மீ.க்கும் மேல் சாய்ந்த காட்டைப் பின்வந்தவர்கள் மரம் மரமாக அளந்தார்கள். சுமார் 50-60 மீட்டர் அளவுள்ள பொருள் தரையைத் தொடாமல், 5 முதல் 10 கி.மீ. உயரத்தில் வெடித்தது என்பது இன்றைய கணிப்பு.

இதனால் ஆபத்தின் கணக்கே மாறியது. நகரம் ஒன்று அழியக் கல் தரைக்கு வரவேண்டியதில்லை. கிலோமீட்டர் அளவுக் கற்களில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். துங்குஸ்கா அளவுக் கற்களில் பெரும்பகுதி இன்னும் அகப்படவில்லை. 2013-ல் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்தது சுமார் 20 மீட்டர்தான். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் அதை முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் உடைந்த ஜன்னல் கண்ணாடியால். 2022-ல் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸில் மோதி அதன் பாதையை மாற்றிக் காட்டியது. ஆனால் பார்த்த கல்லைத்தானே தள்ள முடியும்?

குலிக்கின் கடைசி துங்குஸ்காப் பயணம் 1939-ல். 1941-ல் ஜெர்மானியப் படை வந்தபோது, அறுபதை நெருங்கும் வயதில், மக்கள் படையில் தானாகவே சேர்ந்தார். காயம்பட்டுப் பிடிபட்டார். 1942 ஏப்ரலில் ஸ்பாஸ்-தெமென்ஸ்கில், போர்க்கைதியாக, டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார்.