மலையடிவாரத்து மருத்துவர்

அகநானூறு பொதினி என்று குறிக்கும் பழனியையும், பழம்புலவர் கோடை என்று பாடிய மலையையும் தன்னகத்தே கொண்டது பழனி மலைத்தொடர். குளிரில் வாடுமே என்று மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்ட நாடு அது. 1845-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார், சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சிக் கொடைக்கானலில் முதல் வீடுகளை எழுப்பினர். நாளடைவில் அங்கே நகரும் பள்ளியும், பின்னர் டாக்டர் வான் ஆலன் பெயர் தாங்கிய மருத்துவமனையும் தோன்றின. மலையேற வசதி படைத்தோர் ஏறினர். அடிவாரத்துச் சிற்றூர்களின் உழவரும் நெசவாளரும் நோயுற்றால் எங்கே செல்வது? அவர்கள் நடுவே வந்தமர்ந்தவர் டாக்டர் சௌந்திரம் அம்மையார்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் பிறந்தார். தந்தையார், 1911-இல் மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் அய்யங்கார். அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே மணம் முடிந்தது. கணவர் டாக்டர் சௌந்திரராஜன், பிளேக் நோய் கண்டவர்க்குச் சிகிச்சை அளித்த வேளையில் தாமும் அந்நோய்க்கு ஆளாகி 1925-இல் மறைந்தார். செல்வக் குடும்பமாயினும் வைதிகக் குடும்பம். இருபத்தொரு வயதுக் கைம்பெண்ணுக்கு அந்நாளில் சமூகம் வகுத்திருந்த இடம் வீட்டின் ஒரு மூலைதான். அம்மையாரோ நூலைக் கையிலெடுத்தார். பெற்றோரும் தடை சொல்லவில்லை. தில்லியில் பெண்களுக்கென்றே அமைந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

தில்லியில் உடன் பயின்ற சுசீலா நய்யார் வழியே காந்தியடிகளின் தொடர்பு வாய்த்தது. கேரளத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனுடன் மறுமண எண்ணம் அரும்பிய காலமும் அதுவே. சாதி வேறு, மொழி வேறு; மணமகளோ கைம்பெண். பெற்றோர் இசையவில்லை. இருவரும் ஓராண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் காந்தியடிகள். சோதனையில் தேறிய அவர்களது திருமணம் 1940-இல் வார்தாவில் அவர் முன்னிலையிலேயே நிகழ்ந்தது.

கஸ்தூரிபா அம்மையார் 1944-இல் சிறைக்காவலில் உயிர்நீத்தபின், அவர் நினைவாகக் கிராமப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்கென ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. தமிழகத்தில் அதன் பிரதிநிதிப் பொறுப்பு சௌந்திரம் அம்மையாரிடம் வந்தது. 1947 அக்டோபரில், சின்னாளபட்டிக்கு அருகே கணவரும் மனைவியும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். இரண்டே படுக்கைகளுடன் தொடங்கிய சிறு மருத்துவ இல்லம்தான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனைக்கு வித்து.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். அம்மையார் விரும்பியிருந்தால் பிறந்த வீட்டின் துணையோடு மதுரையில் சொந்தமாகவே ஒரு மருத்துவமனை கண்டிருக்கலாம். உரிமையும் வருவாயும் பெயரும் அவருடையனவாகவே இருந்திருக்கும். அவரோ சுங்குடிச் சேலை நெய்யும் ஊருக்கு வந்து, வேறொரு பெண்மணியின் பெயரைச் சூட்டி, உடைமையை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். விற்கவோ வாரிசுகள் பங்கிடவோ இயலாதபடி ஒரு பொருளை அறத்துக்கென நிறுத்திவைக்கும் வக்ஃபு முறையை அறிந்த நமக்கு இதன் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை. மருத்துவமனை எவருடையது என்ற கேள்வி வெறும் பத்திரப்பதிவுக் கேள்வியன்று. இலாபம் வராத பேறுகால மனை முதலில் மூடப்படுமா, இறுதிவரை காக்கப்படுமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசிய கிராமப் பெண்கள் அக்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஊர் மருத்துவச்சியையே நம்பியிருந்தனர். பேறு சிக்கலானால் மாட்டுவண்டிப் பயணந்தான். வழியிலேயே உயிர் போவதும் உண்டு. ஒரு பெண் டாக்டர் அண்மையில் இருந்தது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் நோயாளர் வரட்டும் என்று அம்மையார் காத்திருக்கவில்லை. தாதியர்க்கும் கிராம சேவகியர்க்கும் பயிற்சி தந்து ஊர்களுக்கு அனுப்பும் பணியும் காந்திகிராமத்தில் வேரூன்றியது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்குச் சௌபாக்கிய இல்லம் எழுந்தது. கீழ்ப்பழனி மலையடிவாரத்து ஆத்தூர் வட்டாரத்தில் 1959-இல் தொடங்கிய சுகாதார ஆய்வுப் பணி, ஆத்தூர் அனுபவம் என்ற பெயரில் பிற நாட்டாரும் பயிலும் பாடமாயிற்று. அதில் ஓர் அங்கமான குடும்பக் கட்டுப்பாடு குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு, இருக்கவே செய்யும். தாயும் சேயும் பிழைக்க வேண்டும் என்ற முதற்கவலையில் எவருக்கும் வேறுபாடு இருக்க வழியில்லை.

தந்தையார் சுந்தரம் அய்யங்கார் 1955-இல் கொடைக்கானலில் தம் இல்லத்தில் காலமானார். மலைமுகட்டில் தந்தையின் ஓய்வில்லம். கீழே சமவெளியில் மகளின் மருத்துவமனை. இரண்டுக்கும் இடைப்பட்டது சில மணி நேரப் பயணம்தான்.

1952-இல் ஆத்தூரிலிருந்தும் 1957-இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்துக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் தேர்வு பெற்றார். மத்தியக் கல்வித் துணையமைச்சராகவும் இருந்தார். பத்மபூஷண் விருது 1962-இல் கிடைத்தது. இவற்றை விரிக்கப் புகின் பக்கங்கள் நீளும். என் எண்ணத்தில் இவை அம்மையார் வாழ்வின் பெரும்பகுதி அல்ல. 1967 தேர்தலில் தோற்றார். காந்திகிராமப் பணியோ தேர்தலை நம்பி நிற்கவில்லை.

1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மருத்துவமனை அறக்கட்டளையிடமே நிலைத்தது. 1984 அக்டோபர் 21-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். 2005-இல் அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. மருத்துவமனைக்கு இன்றும் கஸ்தூரிபாவின் பெயரே வழங்குகிறது.