பின்வரிசை கிட்டாரை முன்னுக்குக் கொண்டுவந்த இளைஞர்... யார் இந்த சார்லி கிறிஸ்டியன்?

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது, பக்கத்தில் ஒருவர் வீணையோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்? விரல் அசைவது தெரியும், சத்தம் கேட்காது. 1930களில் அமெரிக்க ஜாஸ் குழுக்களில் கிட்டார்காரர்களின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து அதிரும். கிட்டார்காரர் பின்வரிசையில் தாளத்துக்குத் துணையாகத் தட்டிக்கொண்டிருப்பார். தனி வாசிப்பு என்பது ரொம்ப அபூர்வம்.

அந்த நிலைமையை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சார்லி கிறிஸ்டியன். அதற்கு அவருக்குக் கிடைத்த காலம் இரண்டு வருஷம்கூட முழுசாக இல்லை.

கரிசல் மண்ணில் பிறந்தவர்

1916 ஜூலை 29. டெக்சாஸ் மாநிலத்தின் போன்ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தார். வட டெக்சாஸ் பருத்திக்குப் பேர்போன பகுதி. அருப்புக்கோட்டையைச் சுற்றிப் பார்க்கிற அதே மாதிரி கருப்பு மண் அங்கேயும் உண்டு.

கறுப்பினக் குடும்பம், வீடு முழுக்க இசை. அப்பாவுக்குக் காய்ச்சலில் பார்வை போய்விட்டது. குடும்பம் ஓக்லஹோமா சிட்டிக்குக் குடிபெயர்ந்தது. வசதியானவர்கள் வசிக்கும் தெருக்களில் அப்பாவும் பிள்ளைகளும் பாடி, வாசித்துக் காசு வாங்கினார்கள். குட்டிப் பையன் சார்லிக்கு அப்போது ஆடுகிற வேலை. அவருக்கு 12 வயதாகும்போது அப்பா இறந்துபோனார்.

பள்ளியில் சுருட்டுப் பெட்டிகளை வைத்தே கிட்டார் செய்து வாசித்தாராம். அதே ஊரில் வளர்ந்து, பிறகு பெரிய நாவலாசிரியரான ரால்ஃப் எலிசன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்த 150 டாலர் கிட்டார்

1936இல் கிப்சன் நிறுவனம் 'இஎஸ்-150' என்ற மாடலைக் கொண்டுவந்தது. இஎஸ் என்றால் எலக்ட்ரிக் ஸ்பானிஷ். 150 என்பது ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து அதன் விலை, சுமார் 150 டாலர். சார்லி ஊரில் வாசித்தபோது ஒரு ராத்திரிக்கு இரண்டரை டாலர் வாங்கினார் என்று சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி 60 ராத்திரிச் சம்பளம்!

இதன் உடம்பு உள்ளே வெற்றிடமான மரப்பெட்டி. வயலினில் இருப்பது போலவே மேல்பலகையில் இரண்டு துளைகள். கம்பிகளுக்குக் கீழே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட 'பிக்கப்'. உலோகக் கம்பி அதிரும்போது அந்தச் சுருளில் மின்சாரம் உண்டாகும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அவ்ளோதான் விஷயம்.

உள்ளே வெற்றிடம் இருப்பதால் ஒரு நன்மை, ஒரு தொல்லை. சத்தத்தில் மரத்தின் கனிவு இருக்கும், கூர்மையாகக் குத்தாது. ஜாஸ் கலைஞர்கள் இன்றைக்கும் இந்த வகையை விடாததற்குக் காரணம் இதுதான். தொல்லை என்னன்னா, வால்யூமை ரொம்ப ஏற்றினால் ஸ்பீக்கர் சத்தத்தில் பெட்டியே அதிர்ந்து ஊளையிடும். கோயில் மைக்செட்டில் திடீரென 'கீய்ங்' என்று கேட்குமே, அதே கதை.

எலக்ட்ரிக் கிட்டாரை முதலில் வாசித்தவர் சார்லி என்று சிலர் எழுதுவது தப்பு. எடி டர்ஹாம், ஜார்ஜ் பார்ன்ஸ் ஆகியோர் 1938இலேயே ரெக்கார்டு செய்துவிட்டார்கள். சார்லி செய்தது வேறு. கிட்டாரை சாக்ஸபோன் மாதிரி வாசித்தார். மூச்சு விட்டு மூச்சு பிடிப்பதைப் போல, நீள நீளமான ஒற்றைக் கம்பி வரிகள்.

வேண்டாம் என்றவரே அழைத்துக்கொண்டார்

1939 ஆகஸ்ட். இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட், சார்லியைக் கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்தார். பார்க்க வேண்டியது கிளாரினெட் நட்சத்திரம் பென்னி குட்மேனை. அவர் ஆர்வமே காட்டவில்லை. அன்று இரவு பெவர்லி ஹில்ஸ் உணவகத்தில் நிகழ்ச்சி. இடைவேளையில் குட்மேனுக்குத் தெரியாமல் சார்லியை மேடையில் உட்கார வைத்துவிட்டார் ஹாமண்ட். கடுப்பான குட்மேன், இந்தப் பையனுக்குத் தெரியாது என்று நினைத்து 'ரோஸ் ரூம்' பாட்டை எடுத்தார். பாட்டு முடியவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது என்பார்கள். சார்லி குழுவில் சேர்ந்தார்.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிப்பதே பிரச்சினையாக இருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குட்மேன் நிகழ்ச்சி முடிந்த பிறகும் அவர் ஓயவில்லை. ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப்பில் தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க் போன்றவர்களோடு விடிய விடிய வாசித்தார். 'பீபாப்' என்ற புதிய ஜாஸ் முளைத்த இடங்களில் ஒன்று அது. ஜெர்ரி நியூமேன் என்ற மாணவர் 1941இல் அதைப் பதிவு செய்து வைத்ததால் நமக்கும் கேட்கக் கிடைக்கிறது.

உயிரைப் பறித்த காசநோய்

1941 கோடையில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீவியூ காசநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1942 மார்ச் 2இல் இறந்தபோது வயது 25. அப்போது காசநோய்க்கு ஒழுங்கான மருந்தே கிடையாது. அடுத்த ஆண்டுதான் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில், அதே சீவியூவில் ஐசோனியாசிட் மாத்திரை சோதிக்கப்பட்டு நோயாளிகள் தேறினார்கள். அந்த மாத்திரை இருந்தால் வீட்டிலிருந்தே சிகிச்சை எடுக்கலாம் என்று உலகுக்கு நிரூபித்தது நம்ம சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம். சார்லிக்கு எல்லாமே லேட்.

போன்ஹாமில் புதைக்கப்பட்ட அவருக்கு 1994இல்தான் பெயர்க்கல் வைத்தார்கள்.

ஆனால் வாசிப்பு ஊர் ஊராகப் போய்விட்டது. வெஸ் மான்ட்கோமரி அவருடைய ரெக்கார்டுகளைக் கேட்டு ஒவ்வொரு சுரமாக மனப்பாடம் செய்துதான் கிட்டார் கற்றார். 2016இல் மறைந்த கொல்கத்தா ஜாஸ் கிட்டார் கலைஞர் கார்ல்டன் கிட்டோ வாசித்ததும் இந்த வழியில்தான். இஎஸ்-150இல் இருந்த அந்த பிக்கப்புக்கு இன்றும் 'சார்லி கிறிஸ்டியன் பிக்கப்' என்றே பெயர்.

முதல்முறை கேட்கப் போறீங்கன்னா, 1941இல் பதிவான 'சோலோ ஃப்ளைட்' நல்ல தொடக்கம். முழு ஆர்கெஸ்ட்ராவும் துணைக்கு நிற்க, முன்னால் கிட்டார் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஹெட்போன் போட்டுக்கோங்க.